ஜாமீன் கையெழுத்து

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நாங்கள் ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். சர்க்கரை, முழங்கால், பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசி முடிந்த பிறகு நாட்டு நடப்புக்கு வருவோம். போன வாரம் பேச்சு வெளிநாட்டு முதலீட்டைப் பற்றி வந்தது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "அரசாங்கம் பின்னால் நிற்காமல் ஏழை நாட்டுக்கு எந்த முதலாளி சார் வருவான்? பணக்கார நாடு தன் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும். ஏழை நாடு கேரண்டி கொடுக்கும். அப்போதான் கரண்டு வரும், ரோடு வரும். உலகம் பூரா இப்படித்தான் நடக்குது. நீங்க குமாஸ்தா புத்தியோட பேசறீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தொண்டையில் நின்றது. முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகவும் பிறகு சூப்பரின்டென்டென்டாகவும் ஃபைல் பார்த்தவன் நான். குமாஸ்தா புத்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படிக்கிற புத்தி அது. அந்தப் புத்தியோடேயே நண்பருக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் 'கோசியோன்' என்று ஒரு வார்த்தை உண்டு. அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் 'காஷன்' என்று படித்தால் எச்சரிக்கை என்று பொருள். பிரெஞ்சில் அதற்கு ஜாமீன் என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கில ஃபைல்களைப் பார்த்து இந்த வார்த்தையில் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். இப்போது யோசித்தால் இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே பாடத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. பிரெஞ்சுச் சட்டம் படித்தவர்கள் இன்னொரு வழக்கும் சொல்வார்கள்: 'கீ ரேபோன் பே'. யார் பொறுப்பேற்றானோ அவனே கட்டுவான்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் படித்துவிட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தம்பி முறையான ஒருவர் கடன் வாங்கி லாரி எடுத்தார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். லாரி இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. சித்தப்பா வீட்டுக்கு மாடி எடுத்தார். தீபாவளிக்கு எங்களுக்கு ஒரு டப்பா இனிப்பு வந்தது. மூன்றாம் வருஷம் லாரி படுத்துவிட்டது. சித்தப்பா ஊரை விட்டே போய்விட்டார். நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாவின் அட்டிகை போனது. வில்லியனூர் பக்கம் இருந்த அரைக்காணி நிலமும் போனது. அக்கா கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது.

அம்மா அழவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏங்க, லாரி ஓடினப்போ லாபத்துல நமக்குப் பங்கு உண்டுன்னு எழுதி வாங்கினீங்களா? அப்புறம் நஷ்டத்துல மட்டும் ஏன் முழுப் பங்கு?"

அப்பாவிடம் பதில் இல்லை. இன்று பெரிய பெரிய பொருளாதார மேதைகளிடமும் இதற்குப் பதில் இல்லை என்பதுதான் என் கட்சி.

நம் நாட்டில் இந்தக் கதை லாரிக்கு முன்னால் ரயிலில் தொடங்கியது. 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கே ரயில் பாதை போட வந்த ஆங்கிலேயத் தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. போடும் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் மீதியை இந்திய அரசு, அதாவது இந்தியக் குடியானவனின் வரிப்பணம், ஈடுகட்டும். நிலமும் இலவசம். விளைவு என்ன? சிக்கனமாகக் கட்ட வேண்டிய அவசியமே கம்பெனிகளுக்கு இல்லாமல் போயிற்று. மைலுக்கு இவ்வளவு ஆகும் என்று முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல இரு மடங்குக்கு மேல் செலவானது. வைஸ்ராயின் சபையில் நிதிப் பொறுப்பில் இருந்த மாஸி என்ற ஆங்கிலேயரே 1872-இல் பாராளுமன்றக் கமிட்டி முன் போட்டு உடைத்தார். 5 சதவீதம் நிச்சயம் என்று ஆகிவிட்ட பிறகு, தன் பணம் செங்கல்லாகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்று முதலீட்டாளனுக்குக் கவலையே இல்லை என்ற பொருளில் அவர் பேசினார். தாதாபாய் நௌரோஜி காலத்திலிருந்து நம்மவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததும் இதைத்தான்.

ரயில் வந்ததே, அது நல்லதுதானே என்று நண்பர் கேட்பார். நல்லதுதான். இன்றைக்கும் விழுப்புரம் போக நான் அதில்தான் ஏறுகிறேன். ரயில் வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. அதற்கு யார், எவ்வளவு, எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு விலை கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

வெள்ளைக்காரன் காலம் அது, விடுங்கள் என்றால், நம் காலத்துக்கே வருகிறேன். 1991-க்குப் பிறகு மின்சாரத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். மாநில மின்வாரியங்களிடம் பணம் இல்லை. 'உங்கள் வாரியத்தை நம்பி நாங்கள் எப்படி முதல் போடுவது?' என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்டன. நியாயமான கேள்விதான். அதற்கு நம் அரசு கண்டுபிடித்த பதில் எதிர் உத்தரவாதம். வாரியம் கட்டாவிட்டால் மாநில அரசு கட்டும். மாநில அரசும் கட்டாவிட்டால் மத்திய அரசு கட்டும். ஜாமீனுக்கு ஜாமீன்! இதற்கென்று எட்டு மின் திட்டங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். முதலுக்கு 16 சதவீத வருமானம் என்பது அன்றைய கொள்கை.

அந்த எட்டில் பெயர்போனது மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்து தாபோல். அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 1992 ஜூனில் வந்தது. வந்த சில நாட்களிலேயே மாநில மின்வாரியத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆகிவிட்டது. என் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்ன மூன்று மாதம் ஆகும்! 1993-இல் உலக வங்கியிடம் கடன் கேட்டார்கள். இந்தத் திட்டம் அளவுக்கு மீறிப் பெரிது, இந்த மின்சாரம் விலை கூடியது, கட்டுபடியாகாது என்று உலக வங்கியே கை விரித்தது. அதற்குப் பிறகும் அந்த வருஷம் டிசம்பரில் 20 வருஷத்துக்கு மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் உட்பொருளை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். தினம் பத்து லிட்டர் பால் தர முடியும் என்கிற பால்காரரிடம் நீங்கள் இரண்டு லிட்டர் வாங்கினாலும், அவர் மாடு, கொட்டகை, பாத்திரம் எல்லாவற்றுக்குமான செலவையும் லாபத்தையும் மாதாமாதம் முழுசாகக் கட்ட வேண்டும். அதுவும் டாலர் கணக்கில். டாலர் ஏறினால் உங்கள் தலையில். தீவனம் விலை ஏறினாலும் உங்கள் தலையில். மாடு பால்காரருக்கே சொந்தம். கையெழுத்துப் போட்டது மட்டும் உங்கள் தாத்தா.

அந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவில் ஓபிக் என்ற அரசு நிறுவனம் 1971 முதல் இயங்கியது. ஏழை நாடுகளில் முதல் போடும் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடன் தருவதும், அங்கே ஆட்சி மாறி ஒப்பந்தம் முறிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு தருவதும் அதன் வேலை. தாபோலுக்கு அது இரண்டையும் செய்தது. அமெரிக்க அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் கடன் தந்தது. நம் பக்கத்தில் ஐ.டி.பி.ஐ., ஸ்டேட் வங்கி போன்றவை பெரும் பணம் போட்டன. வங்கி நண்பர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆக இந்தப் பக்கம் நம் அரசு, அந்தப் பக்கம் அவர்கள் அரசு, நடுவில் 'தனியார் துணிவு'!

1995-இல் மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறியது. புது அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பிறகு பேச்சுவார்த்தை நடத்தி, முன்னைவிடப் பெரிய திட்டமாக, மொத்தம் 2,184 மெகாவாட்டுக்குத் திரும்ப ஒப்புக்கொண்டது! மத்திய அரசின் எதிர் உத்தரவாதத்துக்கு மறு ஒப்புதல் தந்தது 1996 மே மாதம் 13 நாள் மட்டுமே இருந்த அரசு. ஒரு கட்சியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆரம்பித்தது ஒரு கட்சி, ரத்து செய்து திரும்பச் சேர்த்துக்கொண்டது வேறு கட்சிகள். எல்லோருடைய பேனாவிலும் ஒரே மைதான்.

1999 மே மாதம் முதல் கட்டம், 740 மெகாவாட், ஓடத் தொடங்கியது. யூனிட் விலை ஏழு ரூபாயையும் தாண்டிய மாதங்கள் வந்தன. காரணம் நான் சொன்ன பால் கணக்குத்தான். வாங்கியது குறைவு, கட்ட வேண்டியது முழுசு. வாரியம் திணறியது. 2001 தொடக்கத்தில் கம்பெனி மாநில அரசின் ஜாமீனைக் காட்டிப் பணம் கேட்டது. அடுத்து மத்திய அரசின் ஜாமீனைக் காட்டிக் கேட்டது. மே மாதக் கடைசியில் நிலையம் நின்றது. டிசம்பரில் அமெரிக்காவில் என்ரானே திவாலானது. மாநில அரசு அமைத்த மாதவ் கோட்போலே குழு, இதில் ஆட்சி நிர்வாகமே எல்லா மட்டத்திலும் தவறியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது.

இனிமேல்தான் குமாஸ்தா படிக்கிற கடைசிப் பக்கம். ஓபிக் தன் காப்பீட்டுப்படி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தது. கொடுத்துவிட்டுச் சும்மா இருந்ததா? அமெரிக்க அரசு அந்தப் பணத்தை இந்திய அரசிடம் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. இரு நாட்டு உடன்படிக்கையில் அதற்கு வழி இருந்தது. கடைசியில் 2005-இல் எல்லாத் தரப்போடும் சமரசம் பேசி முடித்தார்கள். நின்றுபோன நிலையத்தை எடுத்து நடத்த என்.டி.பி.சி.யும் கெயிலும் சேர்ந்து புது நிறுவனம் தொடங்கின. இரண்டுமே பொதுத்துறை. சுமார் 300 கோடி டாலர் திட்டம், சுற்றிச் சுற்றி, நம் மடியிலேயே வந்து விழுந்தது. லாரி படுத்தது, நோட்டீஸ் நம் வீட்டுக்கு வந்தது.

அந்த ஊர் மக்களையும் மறக்கக் கூடாது. நிலத்துக்காகவும் மீன்பிடிப்புக்காகவும் போராடிய கொங்கண் கிராமத்தார் மீது போலீஸ் நடத்திய அடக்குமுறையைப் பற்றி ஆம்னெஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டன. அந்த ஜனங்களுக்கு எந்த நாட்டு அரசும் இன்ஷூரன்ஸ் கொடுக்கவில்லை.

ஒரு தாபோலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். அந்த எட்டில் நம் பக்கத்து நெய்வேலியில் வந்த 250 மெகாவாட் தனியார் நிலையமும் ஒன்று. அது ஓடியது, மின்சாரம் கொடுத்தது. ஒப்புக்கொள்கிறேன். அளவில் சிறியது. எரிபொருள் பக்கத்திலேயே தோண்டி எடுக்கிற நிலக்கரி. ஆக, தனியார் வந்தாலே கேடு என்று நான் சொல்லவில்லை. அளவும் கணக்கும் சரியாக இருந்த இடத்தில் வேலை நடந்தது. கணக்கைப் பார்க்காமல் ஜாமீனை மட்டும் பார்த்த இடத்தில் குடி முழுகியது. திருப்பிச் சொல்கிறேன்: ஜாமீன் பெரிதாக ஆக, கணக்குப் பார்க்கிற கண் சிறிதாகிறது. மாஸி 1872-இல் சொன்னதும் அதுதானே?

சின்ன அளவில் இதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். தொழிற்சாலைகளை இழுக்க மானியமும், ஐந்து வருஷ விற்பனை வரி விலக்கும் நம் ஊரில் கொடுத்த காலம். ஒரு கம்பெனியின் ஃபைல் என்னிடம் வந்தது. பெயர் வேண்டாம். இருநூறு பேருக்கு வேலை என்று விண்ணப்பத்தில் இருந்தது. நான் பார்வையிடப் போனபோது எண்ணிப் பார்த்தேன், காவலாளியையும் சேர்த்து முப்பத்தொன்பது பேர். அப்படியே நோட்டு எழுதினேன். மேலே போன ஃபைல் 'முதலீட்டாளர் மனம் கோணாமல் பரிசீலிக்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மானியம் போனது. விலக்குக் காலம் முடிந்த மறு வருஷம் இயந்திரங்களும் போயின. ஒரு ராத்திரியில், மூன்று லாரியில். அந்த முப்பத்தொன்பது பேரில் ஒருவர் இப்போது மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விற்கிறார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும். இன்னொரு நோட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய நேரம் அது.

இதெல்லாம் பழங்கதை இல்லை. 2015 வாக்கில் உலக வங்கி வட்டாரத்தில் ஒரு கோஷம் கிளம்பியது. அரசுப் பணம் பில்லியன் கணக்கில் போட்டால், அதைக் காட்டித் தனியார் பணத்தை டிரில்லியன் கணக்கில் இழுக்கலாம் என்று. 2023 ஜூனில் பாரிஸில் பெரிய உச்சி மாநாடு கூட்டி, ஏழை நாடுகளுக்குத் தனியார் முதலை வரவழைப்பது பற்றிப் பேசினார்கள். அந்தச் செய்திகளைப் பிரெஞ்சிலேயே தேடிப் படித்தேன். ஓபிக் பெயர் மாறி 2019 முதல் டி.எஃப்.சி. ஆகிவிட்டது. சென்னைப் பக்கத்தில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று சூரியத் தகடு தொழிற்சாலை கட்ட 50 கோடி டாலர் வரை கடன் தருவதாக 2021-இல் அறிவித்ததும் அதுதான். அந்தத் தொழிற்சாலை நன்றாகவே நடக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும்.

ஆனால் இந்தப் பேச்சிலெல்லாம் இப்போது அடிக்கடி வருகிற ஒரு வார்த்தை 'டீரிஸ்கிங்'. முதலீட்டிலிருந்து ஆபத்தை எடுத்துவிடுவதாம். எடுத்து எங்கே வைப்பீர்கள்? அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், எந்த வேலையும் காணாமல் போகாது, வேறு செக்‌ஷனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும், அவ்வளவுதான். ஆபத்துக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போடுகிறார்கள். புது இடம் நம் மின்கட்டண பில், நம் பேரப்பிள்ளைகளின் வரி. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல பெயராக வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று நண்பர் கேட்பார். இந்தக் குமாஸ்தா மூன்றே நிபந்தனை கேட்கிறான்.

ஒன்று, ஜாமீன் பேப்பர் கையெழுத்தாவதற்கு முன்னால் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். தாபோல் ஒப்பந்தம் வெகுகாலம் ரகசியமாகவே இருந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக்கூட இத்தனை சான்றிதழ் கேட்கிறவர்கள், நம் பேரில் போடுகிற கடனை நமக்குக் காட்டினால் என்ன?

இரண்டு, ஜாமீனுக்கு ஓர் எல்லை வேண்டும். இவ்வளவு ரூபாய் வரை, இத்தனை வருஷம் வரை என்று. கம்பெனி தன் முதலிலும் ஒரு பங்கை உண்மையாகவே இழக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். இழக்கப் பயப்படாதவன் கணக்குப் பார்க்க மாட்டான்.

மூன்று, அம்மா கேட்டது. நஷ்டத்தில் பங்கு என்றால் லாபத்திலும் பங்கு. அரசு ஜாமீன் நின்ற தொழில் செழித்தால் அதில் ஒரு பகுதி கஜானாவுக்கு வரவேண்டும். மானியம் வாங்கியவர் சொன்ன வேலையைத் தரவில்லை என்றால் மானியம் வட்டியோடு திரும்ப வேண்டும்.

இதைக் கேட்டால் ஒரு முதலாளியும் வரமாட்டான் என்பீர்கள். இந்த மூன்றைக் கேட்டதும் ஓடிப்போகிறவன் எதை நம்பி வந்தான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் நம் கடற்கரையையோ நம் பிள்ளைகளின் உழைப்பையோ நம்பி வரவில்லை. நம் கையெழுத்தை மட்டும் நம்பி வந்தவன் வராமலிருப்பதே லாபம்.

நம் ஊர் மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு 2020-இல் கிளம்பி, 2022-இல் டெண்டரும் வேலைநிறுத்தமும் வரை போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கூடும் கூடாது என்று கடற்கரையிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். யாராவது ஒருவர் ஒப்பந்த வரைவின் ஜாமீன் பக்கத்தைக் காட்டு என்று கேட்டோமா? நானும் கேட்கவில்லை. இனிமேல் கேட்போம். அதற்குப் பெரிய செலவில்லை, ஒரு தகவல் உரிமை மனு போதும். மனு எழுதத் தெரியாதவர்கள் காலை ஆறரைக்குக் கலங்கரை விளக்கம் எதிரே வாருங்கள். பேப்பரும் பேனாவும் கொண்டு வருகிறேன்.

அப்பா அந்தக் கடனைக் கட்டி முடிக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. கடைசித் தவணை கட்டிய ரசீதை அம்மா பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அம்மா போன பிறகு அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வங்கி நண்பர் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். காபியும் உண்டு.